அறிகுறிகள் ஐந்து

எங்கள் பள்ளியில் எந்தப் பொறுப்பை யார் தலையில் கட்டலாம் என்று தலைமையாசிரியர் யோசிக்கும் நேரத்தில் நான் அவர் எதிரே நின்றிருக்கக் கூடாது. அன்றைக்கு நின்றிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ் அன்று தாமதம். ஐந்து நிமிடம் பிந்தி வந்து கையெழுத்துப் போடுகிறவளுக்கு வாதாட வாய் ஏது? "நீங்க சயின்ஸ் டீச்சர். கல்லீரல் பாடம் எப்படியும் நடத்தறீங்க. இதையும் சேத்துப் பாத்துக்குங்க" என்றார். இப்படித்தான் நான் போதை ஒழிப்பு மன்றத்தின் பொறுப்பாசிரியை ஆனேன்.

ஏற்கெனவே குடற்புழு மாத்திரை என் பொறுப்பு, பசுமைப் படை என் பொறுப்பு, சத்துணவு சாம்பாரில் உப்பு பார்ப்பதும் என் பொறுப்பு. இவற்றுக்கு நடுவில் நேரம் மிஞ்சினால் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துவேன்.

மன்றம் என்றால் முதலில் பேனர் வேண்டுமாம். பேனர் வந்தது. அதில் ஒரு மண்டை ஓடு, ஒரு பாட்டில், பாதி முகம் வெட்டுப்பட்ட ஒரு குழந்தை. அதைக் கொடிக்கம்பத்தில் கட்டி, முந்நூறு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, "மது அருந்த மாட்டேன்" என்று உறுதிமொழி எடுக்க வைத்தோம். போட்டோவில் பேனரின் மேல்பாதி விழவில்லை. மறுபடி எடுத்தோம். இரண்டாவது போட்டோவில் முன்வரிசையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இடது கையை நீட்டியிருந்தான். அவனைத் திட்டி, வலது கையை நீட்ட வைத்து, மூன்றாவது முறையும் எடுத்தோம். ஒரே காலையில் முந்நூறு பிள்ளைகள் மூன்று தடவை குடிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்த பள்ளி இந்த வட்டாரத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இதோடு விட்டார்களா? மாதக் கடைசியில் போனில் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். "இம்மாதம் மது அருந்திய மாணவர் எவரேனும் கண்டறியப்பட்டனரா?" என்பது அதன் முக்கியமான கேள்வி. "இல்லை" என்று தொட்டால் பச்சை நிறத்தில் ஒரு குறி வந்து வேலை முடிந்துவிடும். "ஆம்" என்று தொட்டால் வரிசையாகப் பதினான்கு கட்டங்கள் திறக்கும். மாணவர் பெயர், பெற்றோர் பெயர், எடுத்த நடவடிக்கை, நடவடிக்கை எடுத்த போட்டோ. எந்தப் பள்ளியாவது "ஆம்" என்று தொட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் மாதாமாதம் பஸ்ஸில் உட்கார்ந்து "இல்லை" என்று தொட்டுவிட்டுப் பர்ஸைத் திறந்து டிக்கெட் எடுப்பேன்.

ஆனால் பாடத்தை ஒழுங்காகத்தான் நடத்தினேன். அதில் எனக்கு ஒரு வீம்பு இருந்தது. குடித்தவரைக் கண்டுபிடிக்க ஐந்து அறிகுறிகள் என்று கரும்பலகையில் எழுதினேன். கண் சிவத்தல், வாயில் வாடை, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல், வாந்தி. வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு வகுப்பே சொல்லும். உங்கள் கூடப் படிக்கிற பிள்ளையிடம் இதில் இரண்டு தெரிந்தாலும் உடனே என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

பிள்ளைகள் கேட்ட கேள்விகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜுரத்துக்கு நெற்றியில் பிராந்தி தடவுகிறார்களே, அது கணக்கில் வருமா என்றான் ஒருவன். ஏரிக்கரைச் சாமிக்குச் சாராயம் ஊற்றிவிட்டு மிச்சத்தை எல்லார் உள்ளங்கையிலும் இரண்டு சொட்டு விடுவார்களே, அது என்றாள் இன்னொருத்தி. எதுவாக இருந்தாலும் வாய்க்குள் போனால் குடித்ததுதான் என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் பொறுமையாக எனக்கு விளக்கியது. "அது குடிக்கறது இல்ல டீச்சர். அது படையலு."

வகுப்பே ஆமாம் என்று தலையாட்டியது. எனக்கு எரிச்சலாக வந்தது. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது, பாடம் இன்னும் அரைப்பக்கம் இருந்தது. அதெல்லாம் அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் பாடத்தை முடித்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

மன்றத்தின் சார்பில் பேச்சுப் போட்டி வைத்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு முதல் பரிசு கொடுத்தேன். ஐந்து அறிகுறிகளையும் நிறுத்தி நிதானமாக, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக விளக்கிப் பேசினாள். இடது கையை நீட்டித் திட்டு வாங்கிய ஆறாம் வகுப்புப் பையன் இவளுடைய தம்பிதான். இவர்களுடைய அப்பா வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அம்மா களை பறிப்பு, நாற்று நடவு என்று கூலிக்குப் போகிறவர். அப்பா குடிப்பார் என்பது பள்ளிக்கே தெரியும். ஒரு தடவை ஏதோ கையெழுத்துக்காக வந்தார். பகல் பதினோரு மணிக்கு வாடை வீசியது. பேனாவைத் தந்துவிட்டு நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, தானும் இரண்டடி பின்னால் போய் நின்று கையெழுத்துப் போட்டார்.

என்னவோ எங்கள் பக்கம் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் என் சித்தப்பா காலை நாஷ்டா முடிந்ததும் வெளியே போவார். சாயங்காலம் அவரை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து விடுவார்கள். வீட்டில் அதற்கு உடம்பு சரியில்லை என்று பெயர். நான் பி.எட். படிக்கிற வரை அவருக்கு மாதம் ஒருமுறை வருகிற ஏதோ ஒரு வியாதி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேச்சுப் போட்டி முடிந்த சில மாதத்தில் அந்தப் பெண்ணின் அப்பா படுத்துவிட்டார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். ஒரு மாதக் கடைசி நாளில், காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு, இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியரும் நானும் இன்னொரு ஆசிரியையும் மதியம் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனோம்.

அவர்கள் வீடு ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு காலனியில். பந்தல் போட்டு, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேளத்துக்கு முன்னால் ஆட்டம். பாதிப் பேருக்கு நிலை இல்லை. இதற்குத்தான் செத்தார், இதையே குடித்துவிட்டு ஆடுகிறார்களே என்று எனக்குள் பொருமினேன். மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தச் சின்னப் பையன் என் எதிரே வந்தான். இடுப்பில் ஈர வேட்டி, தோளில் பூணூல் மாதிரி ஏதோ நூல். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். என்னைப் பார்த்ததும் சிரிக்கிற மாதிரி வந்து, கால் மடங்கி, என் மேலேயே சாய்ந்தான்.

நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. எவ்வளவு அழுதிருக்கிறான் என்று நினைத்தேன். "டீச்சர்" என்று தொடங்கி ஏதோ சொன்னான், ஒரு வார்த்தை சரியாக வரவில்லை. அழாதேடா என்று தலையைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் என் புடவை ஓரத்திலேயே வாந்தி எடுத்தான். காலையிலிருந்து பிள்ளைக்கு யாராவது ஒரு வாய் கொடுத்தீர்களா, வெறும் வயிறு என்று அங்கிருந்த பெண்களைச் சத்தம் போட்டேன். அவனுடைய அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தம்பியின் வாயையும் என் புடவையையும் துடைத்தாள். சுற்றி நின்ற ஆண்கள் மேலெல்லாம் அந்த வாடை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனை இன்னும் அணைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஞாபகம் வந்தது, அன்றுதான் படிவத்துக்குக் கடைசி நாள். ஈரப் புடவையோடு உட்கார்ந்து "இல்லை" என்று தொட்டு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். தம்பியும் வந்தான். மதிய உணவு நேரத்தில் அவள் ஆய்வகத்துக்கு வந்து கதவருகே நின்றாள். காரியத்துக்கு நான் வர வேண்டும் என்றாள். சம்பிரதாயத்துக்கு அழைக்கிறாள் என்று நினைத்து, பார்க்கிறேன் என்றேன். அவள் நகரவில்லை.

"படையல்ல நைனாவுக்கு கோட்டரு வெப்பாங்க டீச்சர். கொள்ளி வெச்சவன் தான் அத்த மொதல்ல வாயி வெக்கணும்னு எங்க பெரீப்பா சொல்லிக்கினு கீறாரு. இவன் வாயி வெச்சாதான் நைனா சாப்ட்டா மாதிரியாம்."

குடித்துக் குடித்து ஈரல் அழுகிச் செத்த மனிதருக்கு அதே பாட்டிலைப் படைத்து, அதைப் பதினோரு வயதுப் பிள்ளையின் வாயில் ஊற்றுவதா? உங்க அம்மா என்ன சொல்றாங்க என்றேன். அம்மா இந்த நாட்களில் எதுவும் பேசுவதில்லை என்றாள். நான் வந்து பேசுகிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நான் என் பேச்சுத் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வெறுங்கையோடு போகவில்லை. ஆய்வகத்திலிருந்த கல்லீரல் படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். இடது பக்கம் நல்ல ஈரல், வலது பக்கம் குடிகாரர் ஈரல். காரிய வீட்டுக்குச் சார்ட் எடுத்துப் போன ஒரே ஆசிரியை நான்தான் என்று இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஏரிக்கரையில் சடங்கு முடிந்து எல்லாரும் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். பையனுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது. என்னைப் பார்த்ததும் பெரியப்பா ஓடிவந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குளிர்பானம் வாங்கிவர ஆள் அனுப்பினார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் நடந்துகொண்டால் சண்டை போடுவது கஷ்டம். நான் போட்டேன். சின்னப் பிள்ளைக்குச் சாராயம் கொடுப்பது குற்றம் என்றேன். போலீஸ் என்றேன். பிஞ்சு ஈரல் என்றேன். சார்ட்டை விரித்தும் காட்டினேன். நாலைந்து பேர் வந்து படத்தைப் பார்த்தார்கள். ஒருவர், ஆட்டு ஈரல் மாதிரியே இருக்கிறதே என்றார்.

பெரியப்பா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. "நாங்க இன்னா ஊத்தியா குடுக்கறோம் டீச்சர்? ஒரு மூடி. நாக்குல தொட்டு வெக்கறது. செத்தவன் ஆசப்பட்டத வெக்கலன்னா நாளிக்கி எங்கள தான் கேப்பான்" என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை, சாக்குச் சொல்லவில்லை. செத்துப்போன தன் தம்பி பசியோடு போய்விடக் கூடாது என்று மனதார நம்பினார். என் ஐந்து அறிகுறிகளில் அதற்குப் பதில் இல்லை. போலீஸ் என்று சொன்னதற்காக வெட்கப்பட்டேன். ஆனாலும் இடத்தை விட்டு எழவில்லை.

உள்ளே இலை போட்டார்கள். சோறு, கறிக்குழம்பு, கருவாடு, வடை, ஒரு பீடிக்கட்டு, புது வேட்டி. இலையின் தலைமாட்டில் பாட்டில். வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய போட்டோவில் அவர் விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனை இலை முன்னால் உட்கார வைத்தார்கள். பெரியப்பா பாட்டில் மூடியைத் திருகினார். நான் நாற்காலியை விட்டு எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டேன், என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அப்போது அந்தப் பெண் வெளியிலிருந்து வந்தாள். பஸ் ஸ்டாப் டீக்கடைக்குப் போயிருக்கிறாள். ஒரு கையில் டம்ளரில் டீ, இன்னொரு கையில் பேப்பரில் சுற்றிய பன். யாரையும் பார்க்காமல் உள்ளே போய் இலையில் பன்னை வைத்தாள். டம்ளரைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கடசி ரெண்டு மாசம் நைனா இத்த தான் கேட்டுச்சி பெரீப்பா. டாக்டரு குடுக்கக் கூடாதுன்னாரு. டீல தொட்ட பன்னு ஒரே ஒரு வாயி குடுன்னு தெனம் கேட்டுச்சி. நான் குடுக்கல. செத்தவங்க கடசியா ஆசப்பட்டத தான வெக்கணும்?"

பதினாறு நாளாக வாயைத் திறக்காத அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். இலைத் தலைமாட்டிலிருந்த பாட்டிலை எடுத்து, மூடியைப் பெரியப்பா கையிலிருந்து வாங்கி, இறுக்கித் திருகி, அவர் கையிலேயே கொடுத்தார். டீ டம்ளரைக் காட்டி, "அதையே குடு" என்றார். பெரியப்பா கொஞ்ச நேரம் தன் தம்பியின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கற்பூரம் ஏற்றினார்.

பையன் டம்ளரை இடது கையால் எடுத்தான். வலது கையால் எடுடா என்று நாலு பேர் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். அவன் கையை மாற்றிக்கொண்டு ஒரு வாய் டீ குடித்தான். பன்னைப் பிய்த்து அக்காவுக்கும் கொடுத்தான். வாசற்படியில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஒரு வருஷமாகப் பேனரும் போட்டோவுமாகப் பேஜார் பட்டதற்கு இந்த ஒரு நாள் போதும் என்றிருந்தது. கை கழுவ அந்தப் பெண் தண்ணீர் ஊற்றினாள். நான் அவள் தோளைத் தட்டி, நீ செய்ததுதான் பெரிய காரியம், உன் தம்பி நாக்கில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் காப்பாற்றிவிட்டாய் என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கே குடுத்துட்டாங்களே டீச்சர். கொள்ளி வெக்கசொல்ல பயப்படப் போறான்னு கூல்டிரிங்ஸ் பாட்டில்ல கலந்து குடுத்தாங்க. உங்க மேல தான வாந்தி எடுத்தான்."

நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்தேன்.

"நீங்க அவன வுடாம புடிச்சிக்கினு நின்னீங்க. கண்ணு செவந்து, நட தள்ளாடி, பேச்சு கொளறி, எல்லாம் இருந்திச்சி. நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க, அவ்ளோ பேர் எதிர்ல அம்மாவ அவமானப்படுத்தக் கூடாதுன்னு வெறும் வயிறுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் இன்னிக்கி உங்கள கூப்ட்டேன்."

ஆய்வகக் கதவருகே அவள் முகத்தில் பார்த்த நிம்மதி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. ஆமாம், தெரியும் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. அவளும் நம்பியிருப்பாள், நானும் நல்ல டீச்சராகப் பஸ் ஏறியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஐந்து அறிகுறியும் என் கைக்குள்ளேயே இருந்தன. ஐந்தாவது என் புடவையிலேயே இருந்தது. அழுகிறான், பசி என்று நானே பெயர் வைத்தேன். அமாவாசைக்கு அமாவாசை எங்கள் வீட்டில் வைத்ததும் இதே மாதிரி ஒரு பெயர்தான்.

எனக்குத் தெரியவில்லை, அழுகிறான் என்று நினைத்தேன் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல்தான் கேட்டாள்.

"அப்ப அந்த அஞ்சையும் எதுக்கு டீச்சர் மனப்பாடம் பண்ணோம்?"

மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். போன மாதப் படிவத்தில் "இல்லை" என்று தவறாக அனுப்பிவிட்டேன், அதை "ஆம்" என்று மாற்ற வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். போனதை மாற்ற வழியே இல்லை, பூட்டிவிட்டார்கள் என்றார். எதற்கு வீண் வம்பு என்றும் கேட்டார். நான் இடத்தை விட்டு நகரப் போவதில்லை என்று தெரிந்ததும் இறங்கிவந்தார்.

"அப்படி மனசு கேக்கலன்னா இந்த மாசத்துல ஒண்ணு போட்டுக்குங்க."

"இந்த மாசம் அவன் குடிக்கல சார்" என்றேன்.